லெஃப்ட் செத்துப்போச்சு என்று வரும் தம்பி தங்கைகளுக்கு

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

உங்கள் கல்லூரிக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் செல்போன் சர்வீஸ் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் அண்ணன் எழுதுகிறேன். கவுன்ட்டரில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் பஸ் வந்துவிடுகிறது, நீங்கள் ஓடிவிடுகிறீர்கள். அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடல்.

“அண்ணே, லெஃப்ட் செத்துப்போச்சு. புதுசு என்ன விலை?” ப்ளூடூத் இயர்பட்ஸோடு இப்படித்தான் வருகிறீர்கள். ஒரே மூச்சில் நோயைச் சொல்லி, சாவுச் சான்றிதழும் கொடுத்து, அடுத்ததற்கு விலையும் கேட்டாகிவிட்டது. புதிது விற்றால் எனக்கு லாபம்தான். ஆனால் செத்ததாக நீங்கள் கொண்டுவரும் பட்ஸில் பல நல்ல உயிரோடு இருக்கின்றன. மெஷ்ஷில் அடைப்பு, சார்ஜிங் கேஸின் பின்னில் அழுக்கு, போனில் ஏதோ ஒரு செட்டிங் நகர்ந்தது என்று காரணம் அற்பமாக இருக்கிறது. அதை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

ஒரு பக்கம் கேட்கவில்லை என்றால், பாட்டிலிருந்து உங்கள் காது வரைக்குமான பாதையில் எங்கோ ஓரிடத்தில் சத்தம் நின்றுவிட்டது. பாட்டு, போன், ப்ளூடூத், பட்ஸுக்குள் இருக்கும் பேட்டரி, போர்டு, ஸ்பீக்கர், அதன் வாயில் மெஷ், அதற்கு மேல் ரப்பர் டிப், கடைசியாகக் காது. எங்கே நின்றது என்று ஊகித்துக்கொண்டிருந்தால் ராத்திரி விடிந்துவிடும். எங்கள் தொழிலில் இதற்கு ஒரே விதிதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றிய பொருளோடு சேர்ந்து பழுதும் இடம் மாறினால் குற்றவாளி அதுதான். பழுது அசையாமல் பழைய இடத்திலேயே நின்றால் அந்தப் பொருளை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. மல்டிமீட்டர் வேண்டாம், ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். விடுதி அறையும் ஒரு அறைத்தோழரும் போதும்.

முதலில் பாட்டை மாற்றுங்கள். நீங்கள் கேட்கும் “8டி” பாட்டுகளில் குரல் ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். அது பழுதில்லை, அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். யாரோ பதிவேற்றிய வீடியோவில் ஒரு பக்கச் சத்தம் மொத்தமாகக் காணாமல் போயிருப்பதும் உண்டு. சோதனைக்குச் சிறந்தது உங்கள் தாத்தா பாட்டி கேட்ட பாட்டு. தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படப்பாட்டுகள் 1978இல் வந்த ‘ப்ரியா’வில் என்று பரவலாகச் சொல்வார்கள். அதற்கு முந்தைய 1960களின் பாட்டுகள் மோனோ. குரலும் வயலினும் தபலாவும் இரண்டு காதிலும் ஒரே அளவில் வரும். புதிதாக மெருகேற்றி வெளியிட்டது வேண்டாம், பழைய பதிவாக ஒன்றை ஓடவிடுங்கள். அதிலும் ஒரு பக்கம் ஊமையாக இருந்தால் பாட்டின் மேல் தப்பில்லை.

அடுத்தது போன். அறைத்தோழரின் போனில் உங்கள் பட்ஸை இணைத்துப் பாருங்கள். அங்கே இரண்டு பக்கமும் கேட்டால் பட்ஸை விட்டுவிட்டு உங்கள் போனைப் பிடியுங்கள். செட்டிங்ஸுக்குள் அக்சசிபிலிட்டி என்ற பகுதியில், கேட்கும் வசதிகளுக்கான இடத்தில், இடது வலதுக்கு நடுவே ஒரு ஸ்லைடர் இருக்கும். ஐபோனில் அது ஆடியோ அண்ட் விஷுவல் என்ற தலைப்புக்குள் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும், “பேலன்ஸ்” என்று தேடினால் அகப்படும். விரல் பட்டு அந்தப் புள்ளி ஓரத்துக்குப் போயிருந்தால் ஒரு பக்கம் சுத்தமாக அடங்கிவிடும். நடுவில் கொண்டுவந்து விட்டால் வேலை முடிந்தது. லேப்டாப்பில் மட்டும் ஒரு பக்கம் கேட்கவில்லை என்றால், விண்டோஸ் 11இல் சிஸ்டம், சவுண்ட், அங்கே உங்கள் பட்ஸின் பெயர் என்று உள்ளே போனால் இடது வலதுக்குத் தனித்தனி அளவு இருக்கும், இரண்டையும் சமமாக்குங்கள்.

பாட்டு இரண்டு பக்கமும் கேட்கிறது, போன் பேசும்போது மட்டும் ஒரு பக்கம்தான் என்று சிலர் வருகிறீர்கள். தொடக்க காலத்து மாடல்கள் பலவற்றில் அழைப்பு ஒரே பட்ஸில்தான் வரும். அது பழுதில்லை, நான் திறந்து பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

மூன்றாவது சோதனையைப் பலர் யோசிப்பதே இல்லை: காது. இடது பட்ஸை வலது காதில் வையுங்கள். சரியாகப் பொருந்தாது, கையால் பிடித்துக்கொண்டால் போதும். வலது காதில் அது நன்றாகப் பாடினால் பழுது பட்ஸில் இல்லை. இடது காதில் குறும்பி அடைத்திருக்கலாம். பட்ஸ் மாட்டுபவர்களுக்குக் குறும்பி வெளியே வர வழியில்லாமல் உள்ளே தள்ளப்படுவதுண்டு. பஞ்சுக் குச்சியை விட்டுக் குடையாதீர்கள், அது இன்னும் உள்ளே போகும்.

இதில் விளையாட்டில்லாத ஒரு செய்தி இருக்கிறது. நேற்றுவரை நன்றாகக் கேட்ட ஒரு காது, திடீரென ஒரு நாளில் அல்லது இரண்டு மூன்று நாளில் மங்குவதுண்டு. வலி இருக்காது. அடைத்துக்கொண்டது போலத்தான் தோன்றும். கூடவே இரைச்சலோ தலைசுற்றலோ வரலாம். இது உட்காதின் நரம்புப் பாதையில் வரும் கோளாறாக இருக்கலாம். “இயர்போன் பழுது” என்று நினைத்துக்கொண்டு நாளைக் கடத்தினால் சிகிச்சைக்கான காலம் கைநழுவும். ஸ்டீராய்டு மருந்து முதல் இரண்டு வாரத்துக்குள், அதிலும் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவுக்குப் பலன் கூடும். பட்ஸை எடுத்துவிட்டு, ஒவ்வொரு காதின் அருகிலும் இரண்டு விரலைத் தேய்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் அந்தச் சத்தமும் கேட்கவில்லை என்றால் என் கடைக்கு வராதீர்கள். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

காது நன்றாக இருக்கிறதா? அப்படியானால் டிப்பையும் மெஷ்ஷையும் பார்ப்போம். இரண்டு டிப்பையும் கழற்றி இடம் மாற்றிப் போடுங்கள். சத்தக் குறைவும் பக்கம் மாறினால் டிப்புக்குள் குறும்பி அடைத்திருக்கிறது, அல்லது அது சரியாகக் காதை மூடவில்லை. டிப்பைத் தனியாகக் கழற்றி, தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டலாம்.

டிப் மாறியும் பழுது மாறவில்லையென்றால் மெஷ்ஷை வெளிச்சத்தில் பாருங்கள். ஊசி முனைக்குச் சமமான துளைகள் அவை. காதுக் குறும்பி, வியர்வை, தலைக்குத் தேய்த்த எண்ணெய், பையிலிருக்கும் தூசி எல்லாம் சேர்ந்து அதன் மேல் ஒரு படலம் போடும். உள்ளே ஸ்பீக்கர் கத்திக்கொண்டுதான் இருக்கும். வெளியே வர வழியிருக்காது. சத்தம் ஒரேயடியாக நின்றுவிடாமல், நாளுக்கு நாள் மெதுவாகக் குறைந்து ஊமையானது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். மெஷ் தரையைப் பார்க்கும்படி பட்ஸைக் கவிழ்த்துப் பிடித்து, காய்ந்த மெல்லிய பல் துலக்கியால் லேசாகத் தேயுங்கள். கவிழ்த்துப் பிடிப்பது எதற்கென்றால், பெயர்ந்த அழுக்கு உள்ளே விழாமல் கீழே விழ வேண்டும். போஸ்டர் ஒட்டும் பசைக்களிமண் இருந்தால் அதை மெஷ்ஷின் மேல் ஒற்றி ஒற்றி எடுக்கலாம். குண்டூசி வேண்டவே வேண்டாம். மெஷ் கிழிந்தால் அழுக்கு நேராக ஸ்பீக்கரின் மெல்லிய சவ்வில் போய் உட்காரும். அதன்பின் நானும் ஒன்றும் செய்ய முடியாது. வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும்.

சில மாடல்களில் காதில் மாட்டியதைக் கண்டுகொள்ளும் சென்சார் உண்டு. கறுப்பாக ஒரு சின்னக் கண்ணாடிபோல் தெரியும். அதன் மேல் அழுக்கு படிந்தாலோ, அழகுக்காக மாட்டிய சிலிகான் உறை மறைத்தாலோ, பட்ஸ் தான் இன்னும் காதில் ஏறவில்லை என்று நினைத்து வாயை மூடிக்கொள்ளும். துடையுங்கள். அதோடு பட்ஸின் செயலியில் அந்த வசதியை அணைத்துப் பாருங்கள்.

மெஷ்ஷும் சுத்தம், இன்னும் சத்தமே இல்லை என்றால் அந்த பட்ஸ் பட்டினியாக இருக்கலாம். ஒரு பட்ஸுக்குள் இருக்கும் பேட்டரி பெரும்பாலும் 30 முதல் 60 எம்ஏஎச். உங்கள் போனில் 5000 இருக்கும். அவ்வளவு சின்னதுக்கு ஒரு ராத்திரி சார்ஜ் ஏறாமல் போனாலே மறுநாள் கதை முடிந்தது. கேஸில் இரண்டு பட்ஸையும் வைத்து, போனில் தெரியும் பேட்டரி அளவைப் பாருங்கள். வலது 100, இடது 0 அல்லது இடது என்ற வரியே இல்லை என்றால், பழுது சத்தத்தில் இல்லை, சார்ஜில் இருக்கிறது.

இனி மாற்ற வேண்டியது கேஸை. விடுதியில் இருப்பதன் அருமை இங்கேதான் தெரியும். அதே மாடல் வைத்திருக்கும் யாரையாவது பிடித்து, அவர் கேஸில் உங்கள் இடது பட்ஸை ஒரு மணி நேரம் வையுங்கள். ஏறினால் உங்கள் கேஸில் குறை. ஏறவில்லை என்றால் பட்ஸில் குறை. இதை நான் கடையில் செய்ய வேண்டுமென்றால் அதே மாடல் கேஸ் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். உங்களுக்குப் பக்கத்து அறையிலேயே இருக்கும்.

கேஸின் குழிக்குள் சின்னச் சின்ன ஸ்பிரிங் பின்கள் இருக்கின்றன. பட்ஸின் அடியில் அவற்றைத் தொடும் உலோகப் புள்ளிகள் இருக்கின்றன. ஜிம்மிலிருந்தோ கிரவுண்டிலிருந்தோ வந்து வியர்வையோடு அப்படியே கேஸில் போட்டு மூடுகிறீர்கள் அல்லவா? வியர்வை உப்புத்தண்ணீர். பின்னில் மின்னழுத்தம் இருக்கிறது. உப்புத்தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தால் உலோகம் அரிக்கும். பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்துவிடும். காய்ந்த பஞ்சால் முதலில் துடையுங்கள். போகவில்லை என்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, பிழிந்துவிட்டு, பின்னையும் புள்ளியையும் துடைத்துக் காயவிடுங்கள். கத்தியால் சுரண்டினாலும் உப்புத்தாளால் தேய்த்தாலும் மேல்பூச்சு போய்விடும், பிறகு அரிப்பு இன்னும் வேகமாக வரும். பின் உள்ளேயே அமுங்கிக் கிடந்தால் காய்ந்த பஞ்சுக் குச்சியால் மெதுவாக அழுத்தி விடுங்கள், எழும்பிவிடும். புதிதாக வாங்கியதாக இருந்தால் புள்ளிகளின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை எடுத்தீர்களா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், அதோடு வருகிறவர்கள் உண்டு.

பல மாதம் சும்மா கிடந்த பட்ஸ் என்றால் பேட்டரி ஆழமாக இறங்கிப் பாதுகாப்புச் சுற்று அதை அணைத்திருக்கும். துடைத்துவிட்டுச் சில மணி நேரம் கேஸை சார்ஜரிலேயே விடுங்கள். சில திரும்பி வரும். சூடேறினாலோ உப்பினாலோ உடனே எடுத்துவிடுங்கள்.

சார்ஜும் இருக்கிறது, ஆனாலும் ஒரு பக்கம் ஊமை. இப்போதுதான் ப்ளூடூத்தின் முறை. பழைய வகை ப்ளூடூத் இசையை ஒரே ஓடையாக ஒரே கருவிக்குத்தான் அனுப்பும். உங்களிடம் இருப்பதோ நடுவில் வயர் இல்லாத இரண்டு கருவிகள். அதனால் முன்பெஞ்சுக்காரன் எழுதிக்கொண்டு பின்பெஞ்சுக்காரனுக்கு நோட்ஸ் கொடுப்பதுபோல், ஒரு பட்ஸ் போனிடமிருந்து வாங்கி இன்னொன்றுக்குக் கொடுக்கும். அல்லது முதலாவது வாங்கும்போதே இரண்டாவது ஒட்டுக்கேட்கும். இரண்டு முறையிலும் பட்ஸ்கள் ஒன்றையொன்று அடையாளம் வைத்திருக்க வேண்டும். அது அழிந்துபோனால் ஒன்று மட்டும் பாடும், மற்றது தனியாக லைட்டை மினுக்கிக்கொண்டு கிடக்கும். போனின் ப்ளூடூத் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

வழி இது. போனில் அந்தப் பெயரை “ஃபர்கெட்” செய்யுங்கள், இரண்டு முறை இருந்தால் இரண்டையும். போனின் ப்ளூடூத்தை அணையுங்கள். பிறகு இரண்டு பட்ஸையும் கேஸில் வைத்து ரீசெட் செய்யுங்கள். எத்தனை நொடி அழுத்த வேண்டும், எதை அழுத்த வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். பெட்டியில் வந்த காகிதத்தில் இருக்கிறது. முதலில் இரண்டு பட்ஸும் ஒன்றையொன்று பிடிக்கட்டும், அதன்பிறகு போனின் ப்ளூடூத்தைப் போட்டு இணையுங்கள். இந்த வரிசை மாறினால் அவசரப்பட்டு ஒன்று மட்டும் போனோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு பட்ஸைத் தொலைத்துவிட்டு ஒற்றையாக வாங்கிச் சேர்த்தவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: இரண்டின் உள்மென்பொருள் பதிப்பும் ஒன்றாக இருந்தால்தான் பல மாடல்கள் சேரும். இரண்டையும் கேஸில் வைத்து சார்ஜில் போட்டு, போனைப் பக்கத்தில் வைத்து, அப்டேட் ஆக நேரம் கொடுங்கள்.

விட்டு விட்டுக் கேட்பது வேறு வகை. ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் கூட்டம் போடுகின்றன. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அது அந்த அலையை விழுங்கிக்கொள்ளும். ரயில் நிலையக் கூட்டத்தில், போன் பின்பாக்கெட்டில் இருக்கும்போது மட்டும் ஒரு பக்கம் அறுந்து அறுந்து வந்தால், போனை வேறு பக்கத்துப் பாக்கெட்டுக்கு மாற்றிப் பாருங்கள். 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட எல்இ ஆடியோ என்ற புதிய முறையில் ஒவ்வொரு காதுக்கும் தனித்தனி ஓடை அனுப்ப முடியும். போனும் பட்ஸும் இரண்டுமே அதை ஏற்க வேண்டும்.

நெக்பேண்ட் தோழர்களுக்குக் கதை வேறு. உங்களுடையதில் வயர் இருக்கிறது, வயர் உள்ள இடத்தில் அறுந்துபோவதும் இருக்கிறது. பாட்டை ஓடவிட்டு, பட்டையிலிருந்து வயர் வெளியே வரும் இடத்தையும் பட்ஸுக்குள் நுழையும் இடத்தையும் மெதுவாக வளையுங்கள். எங்கே வளைக்கும்போது கரகரத்துத் திரும்ப வருகிறதோ அங்கேதான் அறுந்திருக்கிறது. பெரிய ஹெட்போனில் ஒரு கிண்ணத்தில் போர்டு இருக்கும், மற்றதற்குத் தலைப்பட்டைக்குள் வயர் போகும். மடக்கும் மூட்டில் அது நசுங்கி அறுவது வழக்கம். அதில் 3.5 எம்எம் துளை இருந்தால் வயர் போட்டும் கேட்டுப் பாருங்கள். வயரில் இரண்டு பக்கமும் பாடினால் ப்ளூடூத் பக்கத்தைத் தேட வேண்டும். அப்போதும் அதே பக்கம் ஊமை என்றால் பட்டைக்குள் போகும் வயரோ ஸ்பீக்கரோ போயிருக்கிறது.

அறுந்த வயரை நீங்களே ஒட்ட முயல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்குள் இருப்பது முடி போன்ற இழைகள், அவற்றின் மேல் இனாமல் பூச்சு, நடுவில் நூல். வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் மின்சாரம் போகாது. சால்டரிங் அயர்ன் முனையில் ஈயத்தோடு பூச்சை எரித்த பிறகுதான் ஒட்டும். இந்த வேலைக்கு என்னிடம் வாருங்கள், இது எனக்குப் பிடித்த வேலையும்கூட.

பட்ஸையே திறப்பது பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவை பசை போட்டு மூடியவை, திறக்கும்போதே உடைந்துவிடும். 2016இல் வந்த முதல் ஏர்பாட்ஸுக்குப் பழுதுபார்க்கும் வசதியில் ஐஃபிக்ஸிட் என்ற பழுதுபார்ப்புத் தளம் கொடுத்த மதிப்பெண் பத்துக்குப் பூஜ்யம். வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்கு 2024இல் வந்த ஃபேர்பட்ஸ் என்ற இயர்பட்ஸ் சாட்சி: பட்ஸிலும் கேஸிலும் பேட்டரியை நாமே கழற்றி மாற்றலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரிச் சட்டப்படி 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகள் போக, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே மாற்றும்படி செய்தாக வேண்டும். நம் ஊரில் இன்றைக்கு நீங்கள் செய்யக்கூடியது, வாங்கும் முன் இரண்டு கேள்வி கேட்பது: ஒற்றை பட்ஸ் தனியாகக் கிடைக்குமா? கேஸ் தனியாகக் கிடைக்குமா? இரண்டுக்கும் “ஆம்” சொல்லும் கம்பெனியின் சரக்கு சில நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் கணக்கில் மலிவு.

வாரன்டி இருந்தால் யாரையும் திறக்க விடாதீர்கள், என்னையும்தான். பில்லை எடுங்கள். நீங்கள் செய்த சோதனையை, வேறு போனில் இணைத்தும் ஒரு பக்கம் கேட்கவில்லை என்பது தெரியும்படி, வீடியோ எடுத்து அனுப்புங்கள். “ரீசெட் பண்ணிப் பாருங்க” என்று உங்களை அலைய வைக்கும் பதில்கள் அதோடு குறையும். ஐபிஎக்ஸ்4 என்று பெட்டியில் போட்டிருப்பது தண்ணீர் தெறித்தால் தாங்கும் என்பதற்கு மட்டும்தான். பேன்ட்டோடு வாஷிங் மெஷினுக்குப் போனதற்கு வாரன்டி கேட்க முடியாது. உண்மையிலேயே உயிர் போய்விட்டதென்றால் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். நசுங்கினால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடும். மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள், அல்லது என் கடையில் இருக்கும் டப்பாவில் போடுங்கள்.

பழுது தீரும்வரை என்ன செய்வது? ஒற்றைக் காதில் கேட்கும்போது சத்தம் குறைவாகத் தோன்றும், ஏனென்றால் இரண்டு காதில் கேட்பதை மூளை கூட்டிக் கணக்கு வைக்கிறது. குறைவதாகத் தோன்றியதும் கை தானாக வால்யூமைக் கூட்டும். பாதிப்பு முழுவதும் அந்த ஒரே நல்ல காதுக்கு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் கூடினால் நேரம் வேகமாகச் சுருங்கும். அக்சசிபிலிட்டியில் “மோனோ ஆடியோ” என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் இடதில் வர வேண்டியதும் வலதிலேயே சேர்ந்து வரும், பாட்டில் பாதி காணாமல் போகாது. பழுது சரியான பின் மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்து பார்த்து, அப்போதும் பிடிபடவில்லை என்றால் வாருங்கள். வரும்போது எதை எதை மாற்றினீர்கள், மாற்றியபோது என்ன ஆனது என்று சொல்லுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்திருக்கும், கூலியும் அதற்கேற்பக் குறையும். ஒரே ஒரு வேண்டுகோள்: கேட்காத பக்கத்தை மட்டும் டிஷ்யூ பேப்பரில் பொட்டலம் கட்டி எடுத்து வராதீர்கள். நல்ல பக்கம், கேஸ், போன் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். எதை வைத்து நான் மாற்றிப் பார்ப்பது?

அன்புடன்,
எதிர்க் கடை சர்வீஸ் அண்ணன்